கட்டில் வந்தது, கவனிப்பு வருமா?

2021-ஆம் ஆண்டு ஜூலை 7-ஆம் தேதி மத்திய அமைச்சரவை மாற்றியமைக்கப்பட்டு, சுகாதாரத் துறை மன்சுக் மாண்டவியாவிடம் ஒப்படைக்கப்பட்டது. மறுநாளே கூடிய அமைச்சரவை, கொரோனா அவசரகாலத் தொகுப்புத் திட்டத்தின் இரண்டாம் கட்டமாக ரூ.23,123 கோடிக்கு ஒப்புதல் அளித்தது. மத்திய அரசின் பங்கு ரூ.15,000 கோடி, மாநிலங்களின் பங்கு ரூ.8,123 கோடி. நாட்டின் 736 மாவட்டங்களிலும் குழந்தைகள் சிகிச்சைப் பிரிவு, மாநிலந்தோறும் அப்பிரிவுகளை வழிநடத்தும் ஓர் உயர்சிறப்பு மையம், புதிதாக அமையும் 20,000 தீவிர சிகிச்சைப் படுக்கைகளில் ஐந்தில் ஒரு பங்கு குழந்தைகளுக்கு என்று அறிவிப்பு நீண்டது.

இரண்டாவது அலையின் ஓலம் அடங்காத நேரம் அது. அடுத்த அலை குழந்தைகளைத்தான் குறிவைக்கும் என்ற அச்சம் நாடெங்கும் பரவியிருந்தது. கர்நாடக அரசு, இதய அறுவை சிகிச்சை நிபுணர் தேவி பிரசாத் ஷெட்டி தலைமையில் குழு அமைத்து, மூன்றாவது அலைக்கான ஆயத்தங்கள் குறித்து 2021 ஜூன் மாதத்திலேயே அறிக்கை பெற்றது. ஆனால் 2022 ஜனவரியில் ஒமைக்ரான் வடிவில் வந்த அந்த அலை, வந்த வேகத்திலேயே வடிந்தது. அஞ்சிய அளவுக்குக் குழந்தைகளை அது வாட்டவில்லை.

வராத ஆபத்துக்குச் செலவிட்ட பணம் வீண் என்று நாம் கூறப்போவதில்லை. உண்மையில், இந்திய மாவட்ட மருத்துவமனைகளில் குழந்தைகளுக்கென்று ஒரே வீச்சில் இவ்வளவு படுக்கைகளுக்கு ஒப்புதல் கிடைத்தது அரிதினும் அரிது. அதற்கு ஒரு பெருந்தொற்று தேவைப்பட்டது என்பதுதான் வேதனை. மழைக்குப் பின் டெங்கு, குளிர்காலத்தில் நிமோனியா, கோடையில் வயிற்றுப்போக்கு, ஆண்டு முழுவதும் காய்ச்சல் வலிப்பு, இவற்றுக்கிடையே மண்ணெண்ணெய் குடித்த குழந்தை, தொண்டையில் நிலக்கடலை சிக்கிய குழந்தை என்று தலைப்புச் செய்தி ஆகாத அலைகள் ஓயாமல் வந்துகொண்டுதான் இருக்கின்றன. மாதிரிப் பதிவு முறைக் கணக்கெடுப்பின்படி, 2020-ல் இந்தியாவில் பிறந்த ஒவ்வோர் ஆயிரம் குழந்தைகளுக்கு 32 பேர் ஐந்து வயதைத் தொடும் முன்பே இறந்தனர். கர்நாடகத்தில் இது 21, தமிழகத்தில் 13, கேரளத்தில் 8. இவ்வெண்ணிக்கையை 2025-க்குள் தேசிய அளவில் 23-ஆகக் குறைப்பது என்பது 2017-ஆம் ஆண்டின் தேசிய சுகாதாரக் கொள்கை நிர்ணயித்த இலக்கு.

கர்நாடகத்தின் நிலையைக் கண்டால் ஒரு கேள்வி எழுவது இயல்பு. மருத்துவத்தில் பெங்களூருக்கு என்ன குறை? ஒசூர் சாலையையும் அதன் சுற்றுப்புறத்தையும் எடுத்துக்கொண்டாலே நிமான்ஸ், கித்வாய் புற்றுநோய் மருத்துவமனை, ஜெயதேவா இதயநோய் மருத்துவமனை, இந்திரா காந்தி குழந்தைகள் நல மருத்துவ நிறுவனம் என்று அரசு நிறுவனங்களே அணிவகுத்து நிற்கின்றன. நகரின் மையத்தில் மன்னராட்சிக் காலத்து வாணி விலாஸ் மருத்துவமனை. தனியார் மருத்துவமனைகளைச் சொல்லவே வேண்டாம். ஒசூர், கிருஷ்ணகிரி வட்டாரத்துத் தமிழ்க் குடும்பங்கள், குழந்தைக்குப் பெரிய நோய் என்றால் சென்னையைவிடப் பெங்களூரைத்தான் முதலில் நினைக்கின்றன. ஒசூரிலிருந்து ஏறத்தாழ 40 கி.மீ.தானே!

2020 பிப்ரவரியில் மங்களூரிலிருந்து நாற்பது நாள் கைக்குழந்தை ஒன்றை இதய அறுவை சிகிச்சைக்காக ஜெயதேவா மருத்துவமனைக்கு ஆம்புலன்ஸில் கொண்டுவந்தார்கள். வழிநெடுகப் போலீஸார் போக்குவரத்தை ஒதுக்கினர். பொதுமக்கள் சாலையோரம் நின்று வழிவிட்டனர். நான்கரை மணி நேரத்துக்குள் வண்டி பெங்களூரை எட்டியது. பாராட்டுக்குரிய செயல்தான். ஆனால் அத்தகைய வழி ஒரு குழந்தைக்குத்தான் கிடைத்தது. மற்றக் குழந்தைகள் எப்படி வருகின்றன? ஊரிலுள்ள சிறு மருத்துவமனையில் ஓர் ஊசி. தாலுகா மருத்துவமனையில் ஒரு சீட்டு. மாவட்ட மருத்துவமனையில் "பெங்களூருக்குக் கொண்டுபோய்விடுங்கள்" என்ற ஓர் அறிவுரை. ஒவ்வொரு வாசலிலும் ஒரு மணி, இரண்டு மணி நேரம் கரைகிறது. இறுதியில் தலைசிறந்த நிபுணரின் கைக்கு வந்து சேரும்போது, அவர் செய்வதற்கு மிகக் குறைவே மிஞ்சியிருக்கிறது.

இதில் கொடுமை என்னவென்றால், அந்த முதல் வாசலில் செய்ய வேண்டியவற்றுள் பெரும்பாலானவற்றுக்கு நிபுணரே தேவையில்லை என்பதுதான். குழந்தைகளின் அவசர சிகிச்சை என்பது பெரும்பகுதி தீர்ந்த பாடம்; அதிலும் மலிவான பாடம்.

அவசரப் பிரிவுக்கு வரும் குழந்தையைத் தொடுவதற்கு முன்பே மூன்றைப் பார்க்கச் சொல்கிறது மருத்துவ நூல். குழந்தை நம்மைப் பார்க்கிறதா, அழுகிறதா, அல்லது துவண்டு கிடக்கிறதா? மூச்சுக்குத் திணறுகிறதா? தோல் வெளிறியோ நீலம் பாய்ந்தோ இருக்கிறதா? அரை நிமிடம் போதும். கருவி எதுவும் வேண்டாம். இதை அடிப்படையாகக் கொண்டு, வரிசையில் நிற்கும் குழந்தைகளுள் யாரை உடனே உள்ளே தூக்கிச் செல்வது, யாரை அடுத்ததாகப் பார்ப்பது, யார் காத்திருக்கலாம் என்று பிரிக்கும் முறையை உலக சுகாதார நிறுவனம் வகுத்து, 2005-ல் பயிற்சி நூலாகவே வெளியிட்டது. மருத்துவர், செவிலியர் மட்டுமின்றி, வாயிற்காவலருக்கும் சீட்டு எழுதும் எழுத்தருக்கும்கூட அபாய அறிகுறிகளைக் கற்றுக்கொடுக்க வேண்டும் என்கிறது அந்தப் பயிற்சிமுறை. குழந்தையை முதலில் பார்ப்பவர்கள் அவர்கள்தாமே!

ஏட்டளவு யோசனை என்று இதைத் தள்ளிவிட முடியாது. ஆப்பிரிக்காவின் மலாவி நாடு நம்மைவிட எத்தனையோ மடங்கு ஏழ்மையானது. அங்குள்ள பிளான்டயர் நகர அரசு மருத்துவமனையில் இம்முறை நடைமுறைக்கு வந்தது. நோயாளிகள் உள்ளே நகரும் ஒழுங்கு மாற்றப்பட்டது. பணியாளர்களுக்குப் பயிற்சி தரப்பட்டது. அனுமதிக்கப்பட்ட குழந்தைகளிடையே 10 முதல் 18 விழுக்காடு வரை இருந்த இறப்பு, 6 முதல் 8 விழுக்காடாகக் குறைந்தது என்று 2006-ல் அம்மருத்துவர்கள் பதிவு செய்தனர்.

மூச்சுத்திணறலை எடுத்துக்கொள்வோம். சளியும் காய்ச்சலுமாக வரும் குழந்தைக்கு நிமோனியாவா, சாதாரணச் சளியா என்று அறிய எக்ஸ்ரே எடுக்கும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. ஒரு நிமிடம் முழுக்க மூச்சை எண்ண வேண்டும். இரண்டு மாதத்துக்கு உட்பட்ட சிசுவுக்கு 60, ஓராண்டுக்கு உட்பட்ட குழந்தைக்கு 50, ஐந்து வயதுக்கு உட்பட்ட குழந்தைக்கு 40 என்ற அளவை எட்டினாலோ தாண்டினாலோ அது வேகமூச்சு. மூச்சு இழுக்கும்போது நெஞ்சின் கீழ்ப்பகுதி உள்வாங்கினால் நிலைமை இன்னும் மோசம். ஆக்சிஜன் அளவைக் காட்டும் விரல் கருவி, கொரோனா புண்ணியத்தில் இன்று வீடுகளில்கூட இருக்கிறது. ஆனால் கைக்குழந்தையின் சின்னஞ்சிறு விரலுக்குப் பொருந்தும் கருவியும், அதன் முகத்துக்கு ஏற்ற ஆக்சிஜன் முகமூடியும் மருத்துவமனையில் இருக்கின்றனவா என்பதே கேள்வி.

வயிற்றுப்போக்கு இன்னொரு பாடம். நீர்ச்சத்து வற்றிய கைக்குழந்தையின் உச்சிக்குழி உள்வாங்கும். வடதமிழகத்துக் கிராமங்களில் இதைக் கண்டதும் தொக்கம் எடுப்பவரிடம் தூக்கிச் செல்லும் வழக்கம் இன்னும் மறையவில்லை. தாய் கண்டது சரியான அறிகுறி. போன இடம்தான் தவறு. 1971-ல் வங்கதேசப் போரின்போது போங்காவ் அகதிகள் முகாமில் காலரா பரவியபோது, சிரைவழி ஏற்றும் திரவம் தீர்ந்துபோன நிலையில், உப்பும் சர்க்கரையும் கலந்த நீரை வாய்வழி கொடுக்கச் செய்தார் கொல்கத்தா மருத்துவர் திலீப் மஹலனாபிஸ். 30 விழுக்காடு வரை இருந்த இறப்பு 4 விழுக்காட்டுக்கும் கீழே இறங்கியது. அவர் 2022-ல் மறைந்த பின்னர், 2023-ல் பத்ம விபூஷண் அறிவிக்கப்பட்டது. உயிரோடிருந்தபோது நாட்டுக்கு நினைவு வரவில்லை போலும்! இன்றும் மிதமான நீர்வறட்சி உள்ள குழந்தைக்கு, எடையில் ஒரு கிலோவுக்கு 75 மில்லி என்ற கணக்கில் நான்கு மணி நேரத்தில் அந்தக் கரைசலைச் சிறிது சிறிதாகப் புகட்டுவதும், பின்னர் 10 முதல் 14 நாள் துத்தநாக மாத்திரை கொடுப்பதும்தான் சிகிச்சை. ஆனால் "குளுக்கோஸ் ஏற்றினால்தான் வைத்தியம்" என்று நினைக்கும் பெற்றோரும், அந்த நினைப்புக்குத் தூபம் போடும் மருத்துவமனைகளும் இருக்கும்வரை, கரைசலுக்கு மதிப்பிருக்காது.

டெங்குவில் பெங்களூருக்குத் தனி அனுபவம் உண்டு. 2024 செப்டம்பரில் கர்நாடக அரசு டெங்குவைக் கொள்ளைநோயாகவே அறிவிக்க நேர்ந்தது. டெங்கு வந்தால் குடும்பம் முழுவதும் பிளேட்லெட் எண்ணிக்கை என்ற ஒன்றையே பிடித்துக்கொண்டு ரத்த வங்கிக்கும் பப்பாளி இலைக்கும் அலைகிறது. ஆபத்து பெரும்பாலும் வேறிடத்தில் இருக்கிறது. ரத்தக் குழாய்களிலிருந்து நீர்மம் கசிந்து, ரத்தம் கெட்டிப்பட்டு, நாடித்துடிப்பு நலிந்து, கைகால் சில்லிடும் நிலைதான் குழந்தையைக் கொல்கிறது. அந்நிலை பெரும்பாலும் காய்ச்சல் இறங்கும் நேரத்தில்தான் தலைகாட்டும். காய்ச்சல் விட்டது என்று வீட்டார் நிம்மதிப் பெருமூச்சு விடுகிற அதே நேரம்! விடாத வயிற்றுவலி, தொடர் வாந்தி, ஈறில் ரத்தம், அமைதியின்மை அல்லது மயக்கம் ஆகியவை அபாய மணிகள். இவற்றை அறிந்த செவிலியர் மணிக்கொருமுறை நாடியையும் ரத்த அழுத்தத்தையும் சிறுநீர் அளவையும் பார்த்துத் திரவத்தைக் கூட்டிக் குறைத்தால், பெரும்பாலான குழந்தைகள் பிழைத்துவிடும். கூடினால் நுரையீரலில் நீர் கோக்கும். குறைந்தால் அதிர்ச்சிநிலை முற்றும். இங்கே மருந்தைவிட விழித்திருக்கும் கண்களுக்கே வேலை அதிகம்.

திரவம் ஏற்றுவது எவ்வளவு நுட்பமானது என்பதற்கு ஓர் உலகப் பாடமும் உண்டு. உகாண்டா, கென்யா, தான்சானியா நாடுகளில், கடும் காய்ச்சலும் ரத்த ஓட்டக் குறைவும் கொண்ட 3,141 குழந்தைகளிடம் நடந்த ஆய்வின் முடிவு 2011-ல் வெளியானது. திரவத்தை வேகமாக ஏற்றிய குழந்தைகளில் 48 மணி நேரத்துக்குள் சுமார் 10.5 விழுக்காட்டினர் இறந்தனர். அப்படி ஏற்றாதவர்களில் 7.3 விழுக்காட்டினர். நல்லது என்று உலகமே நம்பிச் செய்த ஒன்று அங்கே உயிரைப் பறித்தது. வயிற்றுப்போக்கால் வற்றிய குழந்தைகள் அந்த ஆய்வில் சேர்க்கப்படவில்லை. அவர்களுக்குத் திரவம்தான் உயிர். ஒரே மாதிரி சில்லிட்டுக் கிடக்கும் இரு குழந்தைகளுள் ஒன்றுக்குக் குளுக்கோஸ் பாட்டில் மருந்து. மற்றொன்றுக்கு அதுவே கேடு. இந்த வேறுபாட்டைக் கட்டிலும் கருவியும் கண்டறியாது. பயிற்சி பெற்ற மனிதர்தான் கண்டறிய முடியும்.

வலிப்பு கண்ட குழந்தையின் கையில் இரும்புச் சாவிக்கொத்தைத் திணிப்பதைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். ஆறு மாதத்திலிருந்து ஐந்து வயது வரை காய்ச்சலோடு வரும் வலிப்பு பெரும்பாலும் சில நிமிடங்களில் தானே அடங்கிவிடும். அதனால்தான் சாவிக்கொத்துக்கு இத்தனை கீர்த்தி. குழந்தையை ஒருக்களித்துப் படுக்கவைத்து, வாயில் எதையும் திணிக்காமல் இருந்தாலே பாதி வேலை முடிந்தது. ஐந்து நிமிடத்தைத் தாண்டினால், மூக்கில் செலுத்தும் மிடசோலம் போன்ற மருந்து உடனே வேண்டும். ரத்தத்தில் சர்க்கரை குறைந்திருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். அந்த மருந்து ஒவ்வொரு தாலுகா மருத்துவமனையிலும் ஒவ்வொரு 108 வாகனத்திலும் இரவும் பகலும் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறதா? மண்ணெண்ணெய் குடித்த குழந்தையை வாந்தி எடுக்க வைக்கக்கூடாது என்ற ஒரு வரி, முதலுதவி அறிவாக எத்தனை வீடுகளை எட்டியிருக்கிறது?

சட்டம் இல்லாமல் இல்லை. அவசர நிலையில் வரும் நோயாளிக்கு உடனடிச் சிகிச்சை அளிப்பது ஒவ்வொரு மருத்துவரின் கடமை என்று பரமானந்த கடாரா வழக்கில் உச்ச நீதிமன்றம் 1989-லேயே தீர்ப்பளித்தது. ரயிலிலிருந்து விழுந்து தலையில் அடிபட்ட ஒரு விவசாயத் தொழிலாளியைக் கொல்கத்தாவின் அரசு மருத்துவமனைகள் அடுத்தடுத்துத் திருப்பியனுப்பிய வழக்கில், உரிய நேரத்தில் சிகிச்சை மறுப்பது வாழும் உரிமையை மீறுவதாகும், நிதியில்லை என்பது சாக்காகாது என்று 1996-ல் கூறியது. 2010-ஆம் ஆண்டின் மத்திய மருத்துவ நிறுவனங்கள் சட்டம், வசதிக்கு உட்பட்டு நோயாளியின் உயிர்நிலையைச் சீர்செய்வதைக் கட்டாயமாக்கியது. கர்நாடகம் 2007-லேயே தனிச் சட்டம் கண்ட மாநிலம். அவசர சிகிச்சைக்கு முன்பணம் கேட்டு நிற்கக்கூடாது என்பதையும் நோயாளிகளின் உரிமைகளையும் உள்ளடக்கி, 2017-ல் அன்றைய சுகாதார அமைச்சர் கே.ஆர். ரமேஷ் குமார் திருத்த மசோதா கொண்டுவந்தபோது, தனியார் மருத்துவர்கள் மாநிலம் தழுவிய வேலைநிறுத்தத்தில் இறங்கினர். தண்டனைப் பிரிவுகள் நீர்த்துப்போன பிறகே அது நிறைவேறியது.

மருத்துவர்களின் தரப்பிலும் நியாயம் இல்லாமலில்லை. முன்பணம் வாங்காமல் சிகிச்சை அளித்தால் செலவை யார் ஈடுகட்டுவது என்று 2023-ல் ராஜஸ்தான் மருத்துவர்களும் கேட்டார்கள். சட்டமியற்றுவோர் கடமையை எழுதினார்கள், கணக்கை எழுதவில்லை. தவிர, முன்பணம் கேட்காமல் உள்ளே சேர்க்கும் மருத்துவமனையிலும், பத்துக் கிலோக் குழந்தைக்கு எவ்வளவு மருந்து என்று தெரிந்த ஒருவர் அந்நேரம் பணியில் இல்லையென்றால், சட்டம் அந்தக் குழந்தையைக் காப்பாற்றாது.

அதற்கு விடை தேடிய முயற்சிகள் நம் மண்ணிலேயே உண்டு. சென்னை எழும்பூர் குழந்தைகள் நல மருத்துவமனையின் அவசரப் பிரிவில் பணியாற்றிய டாக்டர் இந்துமதி சந்தானம், வளர்ந்த நாட்டுப் பாடநூல்களை அப்படியே பின்பற்றாமல், வெண்டிலேட்டர் கைவசம் இல்லாத வார்டுகளுக்கு ஏற்ற சிகிச்சை நெறியை வகுக்க முனைந்தவர். விபத்து, மாரடைப்பு, பக்கவாதம் ஆகியவற்றுக்கான தமிழக அரசின் அவசர சிகிச்சைத் திட்டத்தில், குழந்தைகளை உயிர்ப்பித்துக் காக்கும் பிரிவும் ஒரு தூணாகச் சேர்க்கப்பட்டிருக்கிறது. கர்நாடகமும் மாரடைப்புக்கென்று, சிறு மருத்துவமனைகளைப் பெங்களூர் ஜெயதேவாவுடன் இணைத்து, புனித் ராஜ்குமார் பெயரில் ஒரு திட்டத்தை நடத்துகிறது. தாலுகா மருத்துவமனையில் எடுக்கும் இ.சி.ஜி.யை நிபுணர் தொலைவிலிருந்தே பார்த்து முதல் ஊசிக்கு வழிகாட்டுகிறார். ஐம்பது வயதுக்காரரின் இதயத்துக்குச் செய்ய முடிந்த இந்த ஏற்பாட்டை, ஐந்து வயதுக் குழந்தையின் மூச்சுக்குச் செய்ய முடியாதா? 2021-ஆம் ஆண்டு தொகுப்பில் உயர்சிறப்பு மையங்களுக்கு விதிக்கப்பட்ட பணியும் இதுதானே: மாவட்டப் பிரிவுகளுக்குத் தொலைவழி வழிகாட்டுதல், பயிற்சி, கைகொடுத்தல்.

அந்தத் தொகுப்பு தொடக்கத்தில் 2022 மார்ச் 31 வரை என்றே வரையறுக்கப்பட்டது. கட்டடமும் கருவியும் ஒருமுறைச் செலவு. செவிலியரின் ஊதியம் மாதந்தோறும் வரும் செலவு. தில்லி நிதி ஒதுக்கும்போது முன்னதைத் தருகிறது; பின்னதை மாநிலத்தின் தலையில் கட்டுகிறது. நாடாளுமன்றத்தில் எந்த உறுப்பினர் கேள்வி எழுப்பினாலும், "சுகாதாரம் மாநிலப் பட்டியலில் உள்ள பொருள்" என்ற வாசகத்தோடு தொடங்கும் பதில்களைக் கேட்டுக் கேட்டு அவையின் தூண்களுக்கே மனப்பாடம் ஆகியிருக்கும். அதற்குப் பின்னிணைப்பாக வரும் பட்டியல், ஒப்புதல் அளிக்கப்பட்ட தொகையையும் படுக்கைகளையும் சொல்லும். இரவு இரண்டு மணிக்கு அந்தப் படுக்கையின் அருகில் யார் நிற்கிறார் என்பதை எந்தப் பட்டியலும் சொல்வதில்லை.

உறுப்பினர்கள் கேள்வியை மாற்றிக் கேட்க வேண்டும். 736 மாவட்டப் பிரிவுகளில் இன்று இயங்குபவை எத்தனை? அவற்றில் ஒவ்வொரு பணிமுறையிலும் குழந்தைகள் அவசர சிகிச்சையில் பயிற்சி பெற்ற செவிலியர் எத்தனை பேர்? அனுமதிக்கப்பட்ட 24 மணி நேரத்துக்குள் இறந்த குழந்தைகள் எத்தனை, அவர்களுள் எத்தனை பேர் வேறு மருத்துவமனையிலிருந்து அனுப்பப்பட்டவர்கள், அனுப்பியவர்கள் முன்கூட்டியே தொலைபேசியில் தகவல் சொன்னார்களா? இந்த விவரம் வெளிவந்தால், குறை எந்த வாசலில் என்பது தானே விளங்கும்.

எல்லையோர மாவட்டங்களின் உறுப்பினர்களுக்கு இதில் கூடுதல் பொறுப்பு இருக்கிறது. கிருஷ்ணகிரியில் 2022 ஜனவரியில் மருத்துவக் கல்லூரி திறக்கப்பட்டுவிட்டது. என்றாலும் ஒசூர்ப் பகுதியில் மூச்சுத்திணறும் குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஓடும் தாய் அத்திப்பள்ளிச் சோதனைச் சாவடியைத் தாண்டித்தான் ஓடுவார். தமிழக மருத்துவமனை எழுதும் சீட்டை வாசித்து, வழியில் கொடுத்த மருந்து என்ன, எத்தனை மணிக்கு என்று தெரிந்துகொண்டு, குழந்தை வந்திறங்கும் முன்பே பெங்களூரில் ஒரு படுக்கையை ஒதுக்கிவைக்க இரு மாநிலச் சுகாதாரத் துறைகளும் ஓர் உடன்பாடு செய்துகொள்ளலாம். இதற்குக் காவிரிப் பிரச்னையைப்போல நடுவர் மன்றம் எதுவும் தேவையில்லை. இரு செயலர்கள் கையெழுத்திடும் ஒரு கடிதமும், இரவும் பகலும் எடுக்கப்படும் ஒரு தொலைபேசி எண்ணும் போதும்.